காட்டைவிட்டுப் போன மரம்

சுனைமேடு, ஜமுனாமரத்தூர் வழி
19 ஆகஸ்ட் 2024

சிவா,

கடிதம் கைக்கு வந்ததும் போனை எடுக்காதே. உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். ஓவியக் கல்லூரிப் பெண்கள் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் நடந்தது. அதனால் எழுதுகிறேன்.

காவியாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். மகள் பிழைத்து வந்ததற்காக வேடியப்பனுக்குத் தேங்காய் உடைக்கலாம் என்று நேற்று காலையில் கோயில்காட்டுக்குப் போனேன். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் டிராக்டர் போகிற அகலத்துக்குப் புதரை வெட்டி வழி செய்திருந்தார்கள். சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். அது சுனை வரைக்கும் போய் நின்றது. சுனைக்கரை நாவல் மரத்தைக் காணோம்.

கோடைக்காற்றில் வேரோடு சாய்ந்து கிடந்த மரம் தானாக எழுந்து போகாது. வேர் கிடந்த குழியில் கயிறு இழுத்த தடம் இருந்தது. நாட்டார் கண்ணாயிரத்திடம் போய்க் கேட்டேன். ஊருக்குப் பெரியவர், எனக்குப் பெரியப்பா முறை. என்னைக் கண்டால் காபி கொடுக்காமல் அனுப்பமாட்டார். நேற்று என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். கடைசியில் பள்ளிக்கூடத்துக் கல்பனா டீச்சர்தான் தன் போனில், நீ படம் போடுகிற பக்கத்தைக் காட்டினார். உன் பட்டறையில் மரம் படுத்திருக்கிறது. நீ அதன்மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறாய்.

உனக்குத் தெரிந்ததைத்தான் இனி எழுதப்போகிறேன். மறந்துவிட்டாய் போலிருக்கிறது. மலையில் கலைஞர்களைச் சேர்த்து ஒவ்வொரு கோடையிலும் முகாம் நடத்தலாம் என்று நீதான் சொன்னாய். வெயில் ஏறுகிறது, மழை தவறுகிறது, காடு காய்கிறது, அதையெல்லாம் அந்தக் காட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மண்ணாலும் சருகாலும் செய்வோம் என்றாய். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. வேடியப்பன் காட்டிலிருந்து ஒரு சுள்ளி வெளியே போகக் கூடாது, அங்கே விழுந்தது அங்கேயே மக்க வேண்டும். எங்களுக்கு அது ஒன்றுதான் சட்டம். அப்போது சாமி முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, இந்தக் காட்டுப் பொருள் எதுவும் காட்டைவிட்டுப் போகாது என்று சத்தியம் செய்தவள் நான். அதற்குப் பிறகுதான் முகாமுக்கு விட்டார்கள். நீ என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். உள்ளங்கையில் கொப்புளம் வந்தபோது நீதான் மருந்து போட்டாய்.

யாரைக் கேட்டு எடுத்தாய்? அது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

அன்பரசி


சென்னை
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அரசி,

காவியா இப்போது சாப்பிடுகிறாளா? ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தபோது முகம் சுருங்கிப்போய்க் கிடந்தாள். அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமே இல்லை.

உன் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நாட்டாரைக் கேட்டுத்தான் எடுத்தேன். திருட்டுத்தனமாக எதுவும் நடக்கவில்லை. அவர் சம்மதித்தார். கீழே செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தியபோது அவரே வந்து பேசி அனுப்பிவைத்தார். உன்னிடம் சொல்லாதது தப்புதான். ஆனால் குழந்தைக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது உன்னிடம் வந்து மரத்தைப் பற்றி எப்படிப் பேசுவேன்? இங்கே நான் மரத்தை வைக்கப்போகிற கண்காட்சிக்காரர்கள் கெடு வைத்துவிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் நீயே பார்த்துவிட்டாய்.

அரசி, கொஞ்சம் பொறுமையாகப் படி. அந்த மரம் செத்துவிட்டது. யாரும் வெட்டிச் சாகவில்லை. சுனை வற்றியது, வேர் காய்ந்தது, நின்றபடியே செத்தது, காற்றில் விழுந்தது. எத்தனை தலைமுறை பார்த்த மரம் அது. அங்கேயே மக்கிப்போனால் ஊரில் நான்கு பேர் உச்சுக்கொட்டுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். கணியம்பாடியில் எங்கள் கிணறு வற்றி, அப்பா நிலத்தை மனை போட்டு விற்றாரே, ஒருவர் வந்து ஏன் என்று கேட்டாரா? வற்றுவது சத்தமில்லாமல் நடக்கிறது. அதற்கு ஒரு சத்தம் கொடுக்கத்தான் நாம் படித்தோம் என்று நினைக்கிறேன். ஊரே சாமியாகக் கும்பிட்ட மரம் வெயிலில் செத்துக் கிடக்கிறது என்பதை இங்கே இருக்கிற ஆட்கள் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும். படத்தில் காட்டினால் யாரும் நிற்பதில்லை.

உன் பெயரையும் போடுகிறேன். இது நாம் இருவரும் சேர்ந்து செய்தது. டிசம்பரில் திறப்பு. நீ வரவேண்டும். காவியாவையும் கூட்டிக்கொண்டு வா.

எண்ணைத் திறந்துவிடு, ப்ளீஸ்.

உன்
சிவா


சுனைமேடு
9 செப்டம்பர் 2024

சிவா,

என் பெயரைப் போடாதே. எங்கேயும் போடாதே.

நாட்டார் சம்மதித்தார் என்று எழுதியிருந்தாய். அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் அவர் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை உள்ளே போகவிடாமல் வாசலை மறித்து நின்றுகொண்டேன். சத்தியம் செய்தவளைக் கேட்காமல் எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். அவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துக் குழம்பிப்போனார்.

"நீ சொன்னன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சிம்மா. அரசிக்குத் தெரியும், அவதான் உங்களக் கேக்கச் சொன்னான்னிச்சி. சத்தியம் பண்ணவளே வுட்டுக்குடுத்துட்டா நான் இன்னாத்துக்குப் புடிச்சி வெக்கணும்?"

நான் வாசலைவிட்டு விலகினேன்.

எந்த நாள் என்று கேட்டேன். சந்தைக்கு மறுநாள், விடியலில் வண்டி கிளம்பியது என்றார். அன்றைக்குத்தானே நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். சாத்துக்குடி வாங்கிவந்தாய். என் தலையை வாரிவிட்டாய். நான் உன் தோளில் சாய்ந்து அழுதேன். உன் செருப்பில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. வேலூரில் ஒரு வாரமாக மழையே இல்லை. அதைப் பார்த்தேன் சிவா. பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. நாட்டார் சொல்கிறபடி பார்த்தால், நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் லாரி கணியம்பாடியில் உன் அண்ணன் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது.

இங்கே நடப்பதையும் தெரிந்துகொள். ஊர் கூடியது. நான் சொல்லவில்லை, அவள் பொய் சொல்லிவிட்டாள் என்று சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. மற்றவர்கள், பொய் சொல்கிறவளைக் காட்டுக்குள் கூட்டிவந்தது யார் என்று கேட்டார்கள். வேடியப்பன் பொங்கலுக்கு இந்த வருஷம் எங்கள் வீட்டுப் பானை போகக் கூடாது என்று முடிவாகிவிட்டது. என் வீட்டுக்காரர் குமரேசன் கூட்டம் கலையும் முன்பே எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, பானையைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

உன் பக்கத்தில் இன்னொரு படம் பார்த்தேன். மரத்தைத் தலைகீழாகத் தொங்கவிடப்போகிறாயாம், வேர் மேலே பார்க்கிற மாதிரி. இங்கே செத்த மாட்டைக்கூட அப்படித் தூக்கமாட்டார்கள்.

அன்பரசி


சென்னை
22 டிசம்பர் 2024

அரசி,

மூன்று மாதமாக உன் கடிதம் மேசையில் கிடக்கிறது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். இப்போது கண்காட்சி திறந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது.

ஆமாம், நாட்டாரிடம் அப்படித்தான் சொன்னேன். வேறு எதைச் சொன்னாலும் அவர் விட்டிருக்கமாட்டார். உன்னைக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிவிடத்தான் வந்தேன். நீ தோளில் சாய்ந்ததும் முடியவில்லை. நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம்.

ஆனால் நடந்ததையும் கேள். கூடத்தின் நடுவில் மரம் தொங்குகிறது. கீழே வட்டமாகச் சுனை அளவுக்கு வெறும் மணல். உள்ளே வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நேற்று ஒரு அம்மா வந்தார், ஏதோ பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரத்தைச் சுற்றிவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தாழ்ந்து தொங்கிய கிளையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். போகும்போது, எங்க ஊர்லயும் ஒண்ணு இருந்துச்சும்மா, என்ன ஆச்சுன்னே தெரியல என்றார். பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். மழை ஏன் தவறுகிறது, கோயில்காடுகள் ஏன் காய்கின்றன என்று இரண்டு கல்லூரிகளுக்குக் கூட்டிப்போய்ப் பேசச் சொன்னார்கள். ஜவ்வாது மலை என்று சொல்லும்போதெல்லாம் உன் முகம்தான் வருகிறது.

இது எதுவுமே உனக்குப் பெரிதாகப் படவில்லையா? ஒரு பொங்கல் பானைக்காகவா நாம் பேசாமல் இருக்கிறோம்? இப்படி எழுதக் கூடாது என்று தெரிகிறது. எழுதியதை அடித்துவிட மனம் வரவில்லை. அந்தப் பானை உனக்கு எவ்வளவு பெரிது என்று எனக்கு முழுதாகப் புரியவில்லை, அதுதான் உண்மை. புரியவை. திட்டியாவது எழுது.

சிவா


சுனைமேடு
20 ஜனவரி 2025

சிவா,

புரியவைக்கச் சொன்னாய்.

பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் காட்டுப்பக்கம் கோடாலிச் சத்தம் கேட்டது. அந்தத் திசையிலிருந்து அந்தச் சத்தத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஊரில் எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நின்றார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் சடையன். எங்கள் பங்காளிதான், கெட்டவன் இல்லை. சாமை விதைத்த நிலத்தில் மழை இல்லாமல் மூன்றில் ஒரு பங்குகூட எடுக்கவில்லை. வீட்டுக்குக் கூரை போட மரம் வேண்டும். சுனைக்கு மேற்கே நின்ற இலுப்பையைச் சாய்த்துவிட்டான். அது பச்சை மரம் சிவா. பால் வடிந்துகொண்டிருந்தது.

நாட்டார் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கத்தவில்லை. என்னடா இப்படிச் செய்துவிட்டாய் என்று கேட்டார். சடையன் அவருக்குப் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான்.

"ஒரு மரம் லாரியில போச்சு. என்னுது தோள்ல போவக் கூடாதா?"

நாட்டார் திரும்பி நடந்தார். அவருக்கு எவ்வளவு வயசாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இந்தக் காட்டுக்குக் கம்பிவேலி கிடையாது, காவல்காரன் கிடையாது. சுற்றியுள்ள மலையெல்லாம் மொட்டையானபோதும் இது மட்டும் நின்றது. எடுக்கக் கூடாது என்றால் எடுக்கக் கூடாது, செத்ததாக இருந்தாலும். அதில் இது பச்சை, இது காய்ந்தது என்று பார்க்க ஆரம்பித்தால் நாளைக்கு எல்லாமே காய்ந்ததாகத்தான் கண்ணுக்குத் தெரியும். நீ மரத்தை எடுத்ததோடு முடியவில்லை. இப்போது நீ வெட்டிய டிராக்டர் வழியில் விறகுக்குப் போகிறார்கள். காலையில் கட்டுக் கட்டாகத் தலையில் வருகிறது. என்னைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களும் உண்டு, சிரிக்கிறவர்களும் உண்டு.

பாங்க் அம்மா நெற்றி வைத்து நின்றார் என்று எழுதியிருந்தாய். படித்தேன். அவர் நல்லவராக இருப்பார். அவர் நின்ற இடத்தில் மரம் இருக்கக் கூடாது.

அன்பரசி


சென்னை
11 பிப்ரவரி 2025

அரசி,

இலுப்பையைப் பற்றிப் படித்த அன்று பட்டறைக்குப் போகவில்லை.

மரத்தைக் கொண்டுவருகிறேன். முடிவு செய்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் கண்காட்சி முடிகிறது. வெளிநாட்டிலிருந்து ஓர் அருங்காட்சியகம் கேட்டது, இங்கே ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துக்குக் கேட்டார். இரண்டு பேருக்கும் மாட்டேன் என்று எழுதிவிட்டேன். எடுத்த குழியிலேயே வைத்துவிடுகிறேன். ஊர் முன்னால் நின்று, அரசி சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று என் வாயால் சொல்கிறேன். நாட்டார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். போன மரம் திரும்பி வந்ததைப் பார்த்தால் விறகுக்குப் போகிறவர்களும் நிறுத்துவார்கள் என்று தோன்றுகிறது. உனக்கும் அப்படித் தோன்றவில்லையா?

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு நீ வரவேண்டும். என்னோடு பேச வேண்டாம். நின்றால் போதும்.

உன் சம்மதம் இல்லாமல் வண்டி கணியம்பாடியைத் தாண்டாது.

சிவா


சுனைமேடு
30 ஜூலை 2025

சிவா,

நான் சரியென்று சொல்லி, மார்ச்சில் நீ மரத்தோடு வந்துபோன பிறகு உனக்கு எழுதவேண்டும் என்று பல தடவை நினைத்தேன். நல்லபடியாக எழுத நினைத்தேன். இப்போது வேறு மாதிரி எழுதவேண்டியிருக்கிறது.

அந்த நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. மலைப்பாதை வளைவில் உன் லாரி வருவதைப் பார்த்ததும் பம்பைக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லாமலேயே ஆம்பளைகள் கயிறு கட்டினார்கள். சடையன்தான் முதல் ஆளாக இழுத்தான். மரத்தைக் குழியில் இறக்கியபோது பெண்கள் குலவையிட்டார்கள், செத்தவர் ஒருவர் திரும்பி வந்த மாதிரி. நீ எல்லோர் முன்னாலும் நின்று சொன்னாய். சொல்லும்போதே அழுதாய். நாட்டார் கற்பூரம் ஏற்றி, உன்னையும் என்னையும் கூப்பிட்டு ஒன்றாகக் கும்பிடச் சொன்னார். உன் கையை நான்தான் பிடித்தேன். அன்றைக்கே எங்கள் வீட்டுப் பானையை அடுப்பில் ஏற்றச் சொன்னார்கள். குமரேசன் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

நீ நினைத்தது நடந்தது. மறுநாளிலிருந்து விறகுக்கு யாரும் போகவில்லை. டிராக்டர் வழியில் முள் வெட்டிப் போட்டார்கள்.

ஜூனில் மழை நன்றாகப் பிடித்தது. சுனையில் தண்ணீர் ஊறியது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு! நாட்டார் கையில் அள்ளிக் குடித்துவிட்டுச் சிறுபிள்ளை மாதிரி ஊருக்குள் ஓடிவந்து சொன்னார். மாடு மேய்க்கிறவர்கள் அங்கேயே ஓட்டிப்போனார்கள். பிள்ளைகள் தலைப்பிரட்டை பிடிக்கப் போனார்கள்.

இனிமேல் எழுதுவதற்குச் சரியான பதில் வேண்டும்.

சுற்றிலும் விழுந்து கிடந்த எல்லா மரத்திலும் காளான் பூத்தது. நாவலில் பூக்கவில்லை. மழை பெய்தால் எங்கள் காட்டில் விழுந்த மரத்தைக் கரையான் விடாது. இதன் பக்கத்தில் எறும்புகூடப் போகவில்லை. பட்டையில் விரலை வைத்தால் மொழுமொழுவென்று இருக்கிறது. மழை நீர் அதன் அடியிலிருந்து வழிந்து சுனைக்குத்தான் இறங்குகிறது. போன வாரம் தலைப்பிரட்டையெல்லாம் செத்து மிதந்தது. பெரிய தவளைகளும். பிறகு இரண்டு ஆடு வாயில் நுரை தள்ளிப் படுத்தது, ஒன்று எழுந்திருக்கவில்லை.

மரத்தில் என்ன போட்டாய்?

இன்னும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் பக்கம் போகவேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். சாமி கோபமாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். உடனே எழுது.

அரசி


சென்னை
8 ஆகஸ்ட் 2025

அரசி,

உனக்குப் போன் போகவில்லை. கூரியரில் அனுப்புகிறேன், சீக்கிரம் வரும் என்று.

அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. மாடுகளையும் விடவேண்டாம். காவியா அங்கே போயிருந்தால் கை கால்களைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடு. நாட்டார் குடித்தார் என்று எழுதியிருந்தாய். அவரை டாக்டரிடம் காட்டு. மருந்தின் பெயரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அதையும் கொண்டுபோ.

பூச்சி இருக்கிற எந்தப் பொருளையும் கூடத்துக்குள் விடமாட்டோம் என்று கண்காட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மரத்துக்குள் புழு இருந்தது. பட்டறையில் தொட்டி கட்டிக் கரையான் மருந்தில் ஊறப்போட்டோம். பிறகு பட்டை உதிராமல் இருக்க ரெசின் பசை ஏற்றினோம். அடிப்பக்கம் மட்டும் ரெசின் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும்.

திருப்பிக் கொண்டுவருவதற்கு முன் மருந்து போட்டவரிடம் கேட்டேன், இதை வெளியே எடுக்க முடியுமா என்று. போட்டதே எடுக்க முடியாத மாதிரிதானே மேடம் என்றார்.

அப்படியென்றால் உனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் குழியில் வைத்தாய் என்று நீ கேட்பாய். தெரியும். மக்காது என்று தெரியும். தண்ணீர் வரும் என்று நினைக்கவில்லை, சுனை வற்றிப்போய்த்தானே கிடந்தது. மக்காமல் இருந்தால் என்ன, அங்கேயே கிடக்கட்டும், ஊர் சமாதானமாகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணியம்பாடியிலிருந்து மலை ஏறும்போது, வண்டியை நிறுத்தி உன்னிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பம்பைச் சத்தம் கேட்டது. நாட்டார் கற்பூரம் ஏற்றியபோதும் சொல்லியிருக்கலாம். நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அதை விட மனம் வரவில்லை.

நான் வருகிறேன். வண்டியோடு வந்து எடுத்துப்போய்விடுகிறேன். அவர்களிடம் என்ன சொல்லவேண்டும் என்று நீ சொல்வதைச் சொல்கிறேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லலாம் என்றால் அப்படிச் சொல்கிறேன். எது உனக்கு நல்லதோ அது.

சிவா


சுனைமேடு
2 செப்டம்பர் 2025

சிவா,

நாட்டாரை வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். வயிற்று வலி இருந்தது, இப்போது பரவாயில்லை. ஒரு வாய்தான் குடித்திருக்கிறார். அதற்குப் பிறகு குடித்தவர்கள் எல்லோரையும் டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. உன் தாள் உதவியது. அதற்கு மட்டும் நன்றி.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். உன் கடிதம் வந்த மறுநாளே ஊரைக் கூட்டச் சொன்னேன். மருந்தைப் பற்றி நானே எழுந்து சொன்னேன். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாட்டார் என்னைக் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

உன்னைக் காப்பாற்ற எனக்கு ஒரு வார்த்தை போதும். எல்லோரும் அதைத்தான் என்னிடமிருந்து எதிர்பார்த்த மாதிரி இருந்தது. நீ ஊர் முன்னால் அழுததை அவர்கள் மறக்கவில்லை, உன்மேல் அவர்களுக்குப் பிரியம்கூட வந்திருந்தது. முத்தம்மாள் அத்தை உனக்காகக் கொஞ்சம் தேன் எடுத்து வைத்திருந்தார்.

"தெரியும். கற்பூரம் ஏத்துனப்பவே தெரியும்" என்றேன்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். காவியா தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சலா அம்மா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு பெரிய பேச்சு. எடுத்தால் காட்டிலிருந்து ஒன்று வெளியே போகும். எடுக்காவிட்டால் சுனை போகும். இந்த மாதிரி ஒன்றை எங்கள் ஊர் முன்னே பின்னே பேசியதில்லை. ஒருவர் வேடியப்பனிடம் பூ வைத்துக் கேட்கலாம் என்றார். நாட்டார் வேண்டாம் என்றுவிட்டார். சாமியைக் கேட்டு நாம் செய்யவில்லை, அதனால் சாமிமேல் போட வேண்டாம், நாமே எடுப்போம் என்றார். எடுத்தோம். பகல் முழுக்க ஆனது. குலவை இல்லை, பம்பை இல்லை. ஈர மரம் கனம் கூடிப்போயிருந்தது. கையில் துணி சுற்றிக்கொண்டு இழுத்தோம். ஒரு தடவை கயிறு அறுந்து எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். அப்போதுகூட யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் குழியிலிருந்த மண்ணை வெட்டி அன்னக்கூடையில் சுமந்து வெளியே கொட்டினார்கள். மண்ணைச் சுமந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. காட்டு மண் அது, சருகு மக்கி மக்கிக் கறுப்பாக, நல்ல வாசனையாக இருந்தது. அதைத் தார்ப்பாயில் கட்டிப் போட்டிருக்கிறோம், விஷம் என்று.

மரம் தார்ச்சாலை ஓரத்தில் கிடக்கிறது. லாரியை அனுப்பு, மண் மூட்டைகளையும் ஏற்றிவிடுகிறோம். அண்ணனை அனுப்பு. நீ வராதே. கோபத்தில் எழுதவில்லை. நீ வந்தால் நான் பேசுவேன், பேசினால் பழகிவிடும்.

உன்மேல் எனக்கு எது ஆறவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லி எடுத்ததுகூட இல்லை. அதை ஆசை என்று எடுத்துக்கொள்ள முடிந்தது. நல்லது செய்கிறோம் என்ற ஆசை. நானும் கலைஞர்தான், எனக்கும் அந்த ஆசை தெரியும். கொண்டுவந்து வைத்தாயே, அதுதான். அன்றைக்கு நாங்கள் கும்பிட்டோம் சிவா. கண்ணை மூடிக் கும்பிட்டோம். நீ மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய்.

தண்ணீரைச் சோதிக்க ஆட்கள் வந்து எடுத்துப்போயிருக்கிறார்கள். இரண்டு மூன்று மழைக்காலம் கழுவினால் சரியாகலாம் என்கிறார்கள். மழை வந்தால். அதுவரை யாரும் வாய் வைக்காதபடி சுனைப்பக்கம் ஒரு போர்டு வைக்கச் சொன்னார்கள். ஊரில் வரையத் தெரிந்தவள் நான்தானே, என்னைத்தான் கேட்டார்கள். மாடு மேய்க்கிறவர்களில் சிலருக்குப் படிக்க வராது, அதனால் எழுத்தோடு படமும் வேண்டும். மண்டையோடு வரைந்தேன். கரண்ட் கம்பத்தில் இருக்கிற படம்தானே இது, தண்ணீரில் எதற்குக் கரண்ட் என்றார்கள். அழித்துவிட்டு, வயிறு மேலே தெரிய மல்லாந்து கிடக்கிற ஒரு தவளையை வரைந்தேன். இப்போது எல்லோருக்கும் புரிந்தது. அத்தை பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

இன்று காலையில் நட்டுவிட்டு வந்தோம். விறகுக்குப் போய்ப் போய்க் காட்டுக்குள் வர இப்போது மூன்று வழி ஆகிவிட்டது, ஒரு போர்டு போதாது என்கிறார் நாட்டார். இன்னும் இரண்டு வரைய வேண்டும். பெயின்ட் வாங்கக் குமரேசன் ஜமுனாமரத்தூர் போயிருக்கிறார்.

அன்பரசி